தனக்குத் தானே கேட்டுக்கொண்ட ஒன்ஸ்மோர்

1978ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்து ஆஸ்பத்திரிகளில் உத்தியோகம் பார்த்த அந்நிய தேசத்து வைத்தியர்களுக்கு, கடமை முடிந்த இரவுகளில் செய்யக்கூடிய காரியங்கள் மிகச் சிலவே இருந்தன. நகரத்தின் மத்திய வட்டாரத்தைச் சுற்றி இரும்பு வாயில்கள் போட்டு, அவற்றினூடே போவோர் வருவோரைத் தடவிப் பார்க்கவும் பெண்களின் கைப்பைகளைக் கிளறிப் பார்க்கவும் ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். அந்தி மயங்கியதும் கடைவீதி அடங்கிவிடும். அதற்குப் பிறகு தெருவில் நடமாடியவை பெரும்பாலும் இராணுவத்தின் கவச வண்டிகள்தாம். அவ்வருஷம் பெப்ரவரி மாதத்தில், நகருக்குச் சற்று வெளியே லா மோன் என்ற விருந்து விடுதியில் வைக்கப்பட்ட தீக்குண்டில் 12 பேர் கருகி மாண்ட பிறகு, வெளியே போகவேண்டாம் என்று எங்களுக்கு ஒருவரும் புத்தி சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆகவே வைத்தியர் விடுதியின் சிற்றறையில், சூடாக்கியின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நான் வானொலி கேட்டேன்.

வானொலி கேட்பது யாழ்ப்பாணத்தவனுக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்து வருவதன்று. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் மயில்வாகனம் அவர்களின் குரல் ஒலித்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். தேநீர்க் கடையிலும் சைக்கிள் கடையிலும் சலூனிலும் ஒரே பாட்டு ஒலிப்பதால், வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் அந்தப் பாட்டை ஒரு சரணமும் விடாமல் கேட்டுவிடலாம் என்பது எங்கள் தலைமுறையின் அனுபவம். அங்கே அறிவிப்பாளர் எவ்வளவு பிரக்யாதி பெற்றவராக இருந்தாலும், நேயர் விருப்பம் என்று வந்துவிட்டால் அவர் நேயர்களின் ஊழியர். தபாலட்டையில் எழுதியவர், அவருடைய தாய் தந்தையர், தம்பி தங்கையர், மாமா மாமி, அயல்வீட்டுக்காரர் என்று எல்லாப் பெயர்களையும் பக்தி சிரத்தையோடு வாசித்து முடித்த பிறகுதான் பாட்டு வரும். தமக்கு அந்தப் பாட்டுப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்வது மரியாதையும் அல்ல என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

இந்தச் சம்பிரதாயத்தில் ஊறியவனுக்கு ஜோன் பீல் என்ற அறிவிப்பாளர் பெரிய விசித்திரமாகப் பட்டதில் வியப்பில்லை. பி.பி.சி.யின் ரேடியோ 1 என்னும் சேவையில், வாரநாள் இரவுகளில் பத்து மணி தொடக்கம் நள்ளிரவு வரை அவருடைய நிகழ்ச்சி. பகலெல்லாம் 247 மீட்டர் மத்திய அலையில் கரகரத்துக்கொண்டிருக்கும் ரேடியோ 1, அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ரேடியோ 2 என்ற அண்ணன் சேவையின் பண்பலையை இரவல் வாங்கிக்கொள்ளும். கிட்டாரும் மௌத் ஓர்கனுமாய் ஒரு ப்ளூஸ் மெட்டு முகப்பிசையாக வரும். அது தேய்ந்ததும், தூக்கத்திலிருந்து இப்போதுதான் எழுந்து வந்தவர் போன்ற ஒரு மந்தமான குரல் பேசத் தொடங்கும். பெரிய கம்பனிகளின் பிரபலமான பாட்டுகளை அந்தக் குரல் சட்டை செய்வதில்லை. எந்த ஊரிலோ எந்தக் கொட்டிலிலோ நாலு பையன்கள் கைக்காசைப் போட்டு அச்சடித்து, தபாலில் அனுப்பிவைத்த இசைத்தட்டுகளைப் பிரித்து, தமக்குப் பிடித்திருந்தால் ஒலிபரப்புவார்; அதிலும் சில சமயம் தட்டைத் தவறான வேகத்தில் சுழலவிட்டு, பாதியில் உணர்ந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்ப முதலிலிருந்து போடுவார். மயில்வாகனம் அவர்கள் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

எனக்கு அடுத்த அறையில் இருந்தவர் என்னிலும் பத்து வயது மூத்த ஒரு வைத்தியர், வடமராட்சியைச் சேர்ந்தவர், மயக்கமருந்துப் பிரிவில் பணி. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றே அழைத்தோம். சங்கீதத்தில் அண்ணைக்கு இருந்த ஞானம் அபாரமானது; பிடிவாதம் அதனினும் அபாரமானது. நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் விடியுமட்டும் தவில் கேட்டு வளர்ந்தவர். தட்சிணாமூர்த்தி அவர்களின் தவிலைப் பதிவுசெய்த ஒரு நாடாவை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார். அந்த மகா வித்துவான் 1975இல் காலமான செய்தியைக் கடிதத்தில் வாசித்த நாளிலிருந்து, ஞாயிறுதோறும் ஸ்நானம் செய்துவிட்டுத்தான் அந்த நாடாவைப் போடுவார். என் அறையில் பீலின் நிகழ்ச்சி சத்தமாக ஒலிக்கும்போதெல்லாம் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார். அதுவும் தாளம் பிசகாமல்.

பீலின் நிகழ்ச்சியை எனக்கு அறிமுகப்படுத்தியவன் எங்கள் ஆஸ்பத்திரியில் போர்ட்டராக இருந்த ஓர் இளைஞன். நோயாளிகளைப் படுக்கையோடு சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது வாய்க்குள் எதையாவது பாடிக்கொண்டே போவான். தலைமைத் தாதி எதிர்ப்பட்டால் பாட்டை விழுங்கிக்கொள்வான். அந்நாட்களில் அவன் வாயில் ஓயாது அடிபட்ட பெயர் அண்டர்டோன்ஸ். டெர்ரி நகரத்துப் பையன்கள் ஐவர். ஃபேர்கல் ஷார்க்கி பாடுவார். ஜோன் ஓ'நீல், டேமியன் ஓ'நீல் என்ற சகோதரர் இருவரும் கிட்டார். மைக்கேல் பிராட்லி பேஸ் கிட்டார். பில்லி டொஹர்ட்டி டிரம்ஸ். தங்கள் ஊரில் கஸ்பா என்ற மதுச்சாலையில் வாசித்துப் பழகியவர்கள். லண்டன் கம்பனிகளுக்கு நாடாக்களை அனுப்பிப் பார்த்து ஒரு பிரயோசனமும் காணாமல், குழுவே கலைந்துபோகும் கட்டத்தில், கலைவதற்கு முன் ஞாபகார்த்தமாகவாவது ஓர் இசைத்தட்டு இருக்கட்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்திருந்தது. பிரசித்தி பெறவேண்டும் என்று போட்ட தட்டல்ல அது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அந்தத் தட்டைப் போட முன்வந்தவர் டெரி ஹூலி என்ற மனிதர். கிரேட் விக்டோரியா வீதியில், குட் வைப்ரேஷன்ஸ் என்று ஓர் இசைத்தட்டுக் கடை நடத்தினார். ஐரோப்பாவிலேயே அதிகமாகக் குண்டு வெடித்த அரை மைல் என்று ஊரார் சொல்லிக்கொண்ட வீதி அது. மீண்டும் மீண்டும் கண்ணாடி உடைந்து மீண்டும் மீண்டும் பலகை அடிக்கப்பட்ட யூரோப்பா ஹோட்டலும் அங்கேதான் இருந்தது. அந்த வீதியில் எவரும் புதிதாக வியாபாரம் தொடங்கத் துணியாத காலத்தில் கடை திறந்தவர் ஹூலி. சிறுபிராயத்தில் ஒரு கண்ணை இழந்து கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டவர். கத்தோலிக்கன் யார் புரொட்டஸ்தாந்து யார் என்று தெருப் பெயரைக் கேட்டே நிர்ணயித்துக்கொண்ட ஊரில், வாடிக்கையாளரிடம் அதைக் கேட்காத கடை என்ற பெயர் அதற்கு இருந்தது. கடையோடு நிற்காமல், உள்ளூர்க் குழுக்களின் தட்டுகளை அதே பெயரில் வெளியிடவும் அவ்வருஷம் துணிந்தார்; ரூடி என்ற பெல்பாஸ்ட் குழுவின் தட்டு முதலாவது; அண்டர்டோன்ஸின் தட்டு நாலாவது. ஜூன் மாத நடுவில் பெல்பாஸ்டின் விசார்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் நாலு பாட்டுகளையும் பதிந்து முடித்தார்கள். செலவு ஏறக்குறைய 200 பவுண் என்பார்கள். ஒரு பெரிய கம்பனியில் பாடகரின் தலைமயிர் அலங்காரத்துக்கே அந்தத் தொகை போதாது.

செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, போர்ட்டர் இளைஞன் என்னை அந்தக் கடைக்கு அழைத்துப் போனான். மாடியில் இருந்தது கடை. படிகளில் ஏறும்போதே சிகரட் புகையும் ஈரக் கம்பளி உடுப்பின் வாடையும் எதிர்கொண்டன. உள்ளே, தட்டுகள் வைக்கும் மேசையொன்றைக் காலிசெய்து, நாலைந்து பையன்களும் ஒரு பெண்ணும் நின்றபடியே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அட்டையுறை அடிக்கப் பணம் போதாதபடியால், பெரிய தாளொன்றில் எல்லாவற்றையும் அச்சிட்டு, அதைக் கையால் மடித்து உறையாக்கும் உபாயத்தைக் கண்டிருந்தார்கள். ஒருவன் தாளை இரண்டாக மடித்து நகத்தால் கோட்டை அழுத்துவான். அடுத்தவள் குறுக்கே மடிப்பாள். மூன்றாமவன் அதற்குள் தட்டை நழுவவிட்டு அடுக்கில் வைப்பான். மடிப்பு ஒன்றுபோல் ஒன்று இல்லை; ஓரங்கள் கோணலாய் நின்றன. என் கையில் கிடைத்த பிரதியில் அச்சுமையே ஒரு மூலையில் கட்டைவிரல் ரேகையாய்ப் பதிந்திருந்தது. அந்த உறையில் அவர்கள் அச்சிட்டிருந்த விஷயம் இன்னும் வேடிக்கை: டெர்ரியில் ஒரு சுவரில் யாரோ அந்தக் குழுவினரைத் தூஷித்து எழுதிவைத்திருந்த கெட்ட வார்த்தைகளைப் படம்பிடித்துப் போட்டிருந்தார்கள். நிந்தாஸ்துதி என்பது நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் பிறர் செய்த நிந்தையையே எடுத்து ஸ்துதியாகச் சூட்டிக்கொண்ட சாமர்த்தியத்தை நான் அங்கேதான் கண்டேன்.

தட்டை வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேனேயன்றி, அதைச் சுழலவிட என்னிடம் கருவி இருக்கவில்லை. அண்ணையிடம் ஒன்று இருந்தது. கேட்கத் துணிவு வரவில்லை.

இதற்கிடையில் ஹூலி தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு லண்டன் போனார். கம்பனி கம்பனியாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். அவமானத்தோடு ஊர் திரும்பினார் என்றும், ஆனால் புறப்படுமுன் ஒரு பிரதியை ஜோன் பீலுக்காக பி.பி.சி.யில் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றும் போர்ட்டர் வந்து சொன்னான். "இண்டைக்கோ நாளைக்கோ போடுவான், டொக்டர். ரேடியோவை மூடாதையுங்கோ" என்று அவன் சொன்னதாகவே என் ஞாபகம் பதிந்திருக்கிறது, அவன் பேசியது ஐரிஷ்காரரின் ஆங்கிலமாயினும், அவசரம் முழுவதும் யாழ்ப்பாணத்து அவசரமாக இருந்தது.

அந்த இரவு மழை. சுவருக்கு அப்பால் அண்ணை புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார் போலும், அரவம் இல்லை. பீல் ஏதேதோ தட்டுகளைப் போட்டுக்கொண்டு வந்து, டெர்ரி என்று ஊரின் பெயரைச் சொன்னதும் நான் ஒலியைக் கூட்டினேன். டிரம்ஸில் அழுத்தமான அடி விழுந்தது. உடனே கிட்டார்கள் இரண்டும் ஒருங்கே புறப்பட்டன. அடுத்த வீதிப் பெண்ணொருத்தியின் மேல் ஒரு பையன் கொண்ட ஆசை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் குரல்! மேல்ஸ்தாயியில் நின்றும் நிலைகொள்ளாமல், ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு நடுக்கத்தை உதறிக்கொண்டே போகும் குரல். ஏறக்குறைய இரண்டரை நிமிஷம், பல்லவியைத் தூக்கிப் பிடிக்கக் கைதட்டல் வேறு, முடிந்துவிட்டது. எதிர்பார்த்தபடியே சுவரில் மூன்று தட்டு.

பிறகு நடந்ததுதான் அதிசயம். பீல் ஏதோ சொன்னார். டிரம்ஸில் அதே அடி மறுபடியும் விழுந்தது. அதே பாட்டு, முதலிலிருந்து.

கதவைத் திறந்துகொண்டு அண்ணை வந்து நின்றார். கையில் விரல் வைத்த புத்தகம்.

"என்ன தம்பி, போட்டதையே திருப்பிப் போடுறான்? தட்டை மாத்த மறந்திட்டானோ?"

"இல்லை அண்ணை, வேணுமெண்டுதான் போடுறார். அவருக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சாம்."

"அவருக்குப் பிடிச்சால்? கேக்கிற சனத்துக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. அண்ணை கதவு நிலையில் சாய்ந்தபடியே பாட்டு முடியுமட்டும் நின்றார். தாளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்குத் தகுதியற்ற விஷயம். "அந்தப் பெடியன்ரை குரலிலை ஒரு அசைவு இருக்கு. ஆரும் சொல்லிக் குடுத்து வந்ததில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தமது அறைக்குப் போய்விட்டார். அண்ணையின் வாயிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பாடகனைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்ட சிலாக்கியமான வார்த்தை அது ஒன்றே.

அன்றிரவு வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். நம்முடைய நாடகக் கொட்டகைகளில் ரசிகர்கள் ஒன்ஸ்மோர் கேட்பது உலகமறிந்த வழக்கம். கிட்டப்பாவின் காலத்துக் கதைகளை எங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானே காங்கேசன்துறை வைரமுத்துவின் மயான காண்டத்தில், அரிச்சந்திரன் சுடலையில் நின்று பாடும்போது, மகன் இறந்துகிடக்கிறான் என்ற கதையையே மறந்து சனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டதையும், அந்தச் சோகத்தை அவர் மறுபடியும் முதலிலிருந்து பாடியதையும் மணலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கேட்பவன் ரசிகன், கொடுப்பவன் கலைஞன், நடுவில் இருப்பவர் கொட்டகைக்காரர். நடுவில் இருப்பவர் ஒன்ஸ்மோர் கேட்பதென்பது நம் சம்பிரதாயத்தில் இல்லை. பீல் அந்த இரவில் செய்ததென்னவெனில், லட்சக்கணக்கான பேருக்கு முன்னால், ரசிகனுடைய பாத்தியதையைத் தாம் எடுத்துக்கொண்டு, தனக்குத் தானே ஒன்ஸ்மோர் கேட்டு, தானே கொடுத்தும் விட்டார். அது சுலபமான காரியமும் அன்று. இசைத்தட்டுக் கம்பனிகளோடும் வாத்தியக்காரர் சங்கத்தோடும் பி.பி.சி. செய்துகொண்டிருந்த உடன்பாட்டின்படி, ஒரு நாளில் இத்தனை மணித்தியாலந்தான் தட்டு ஒலிபரப்பலாம் என்ற வரையறை அப்போது அமுலில் இருந்தது. ஊசி தட்டில் படும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கிலிருந்து இரண்டரை நிமிஷத்தை எடுத்து, சற்று முன்னர்தான் கேட்ட பாட்டுக்கே மறுபடியும் செலவழிப்பதென்றால், ஒரு குழுவைக் கூட்டி அனுமதி கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? ஒரு மனிதருடைய ருசியை நம்பி ஒரு நிலையம் இரண்டு மணி நேரத்தை ஒப்படைத்திருந்தபடியால் மாத்திரமே அது நடந்தது. எல்லா அறிவிப்பாளரும் இப்படிச் செய்யத் தொடங்கினால் வானொலி உருப்படாது என்று அண்ணை மறுநாள் வாதாடினார். அது உண்மைதான். ஆனால் ஒருவர்கூடச் செய்யாவிட்டாலும் உருப்படாது என்பது என் அபிப்பிராயம்.

மறுநாட் காலையில் போர்ட்டர் ஒரு கிழவரைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு நடைவழியில் வந்தான். பாட்டை விழுங்கவில்லை. தலைமைத் தாதி எதிரே வந்தும் விழுங்கவில்லை. கிழவர் போர்வைக்குள்ளிருந்து விரலால் தாளம் போட்டதை நான் கண்ணாரக் கண்டேன்.

அமெரிக்காவில் ரமோன்ஸ், டாக்கிங் ஹெட்ஸ் போன்ற குழுக்களின் தட்டுகளை வெளியிட்டு வந்த சயர் கம்பனியின் அதிபர் சீமோர் ஸ்டைன் அச்சமயம் இங்கிலாந்தில் இருந்தார்; காரில் போய்க்கொண்டிருக்கையில் பீலின் நிகழ்ச்சியில் இந்தப் பாட்டைக் கேட்டு, உடனே ஓர் ஆளை டெர்ரிக்கு அனுப்பினார். கோபுரம் கோபுரமாகக் கட்டடங்கள் வைத்திருந்த லண்டன் கம்பனிகள் நிராகரித்த பையன்களைத் தேடி அமெரிக்கக் கம்பனி படியேறி வந்தது. ரமோன்ஸைத் தெய்வமாகக் கொண்டாடிய ஐவருக்கும் அதே கம்பனி ஓலை நீட்டியது என்றால், அவர்கள் மனநிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒக்டோபர் நடுப்பகுதியில் சயர் கம்பனி அதே பதிவை மறுபடி வெளியிட்டது. 26ஆம் தேதி வியாழக்கிழமை, டாப் ஒஃப் த பொப்ஸ் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஐவரும் தோன்றினார்கள். வைத்தியர் விடுதியின் பொது மண்டபத்தில், எந்த இராணுவச் செய்திக்கும் கூடாத கூட்டம் அன்றைக்குக் கூடியது: தாதியர், சமையற்காரர், மலையாளி வைத்தியர் ஒருவர், எகிப்தியர் இருவர், கடமையிலிருந்து களவாக இறங்கி வந்த போர்ட்டர். மினுக்குச் சட்டைகளும் புகையும் வர்ண வெளிச்சமுமாக மற்றக் குழுக்கள் வந்து போன மேடையில், பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்தவர்கள் போன்ற உடுப்பில் இவர்கள் நின்றார்கள். தொலைக்காட்சிப் பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்த ஷார்க்கி, அந்தப் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டார் என்று ஒரு தாதி சொல்ல, மண்டபம் முழுவதும் சிரித்தது.

விற்பனைப் பட்டியலில் அந்தப் பாட்டு எட்டிய உச்சம் 31ஆம் இடம். அவ்வளவே. அந்த வாரங்களில் முதலிடத்தில் அசையாமல் இருந்தது, கிரீஸ் என்ற சினிமாப் படத்தில் ஜோன் டிரவோல்ட்டாவும் ஒலிவியா நியூட்டன்-ஜோனும் சேர்ந்து பாடிய பாட்டு; அதை நவம்பரில் கீழிறக்கியதும் ஓர் ஐரிஷ் குழுதான், டப்ளின் பக்கத்துப் பூம்டவுன் ராட்ஸ். ஆக, கணக்கை மட்டும் பார்த்தால் டெர்ரிப் பையன்களின் வெற்றி அற்பமானது. ஆனால் வானொலியில் ஒரு பாட்டு பெறும் ஸ்தானத்தை விற்பனைக் கணக்கால் அளக்கலாகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பட்டியலில் அதற்கு மேலே இருந்த 30 பாட்டுகளில் எத்தனை இன்று எவர் வாயில் இருக்கின்றன?

அந்தப் பாட்டின் சொற்களைக் குறித்து அப்போதே ஒரு விவாதம் நடந்தது. எனக்கு அதில் இன்றைக்கும் உறுதியான பக்ஷம் உண்டு. அதே வருஷத்தில் பெல்பாஸ்டின் ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் என்ற குழு, குண்டுகளையும் சோதனைகளையும் சந்தேகத்தையுமே பொருளாக வைத்து, தங்கள் சொந்தக் கம்பனியில் ஒரு தட்டுப் போட்டது. அதையும் பீல் ஓயாது ஒலிபரப்பினார். அதன் ஒலிநாடாவைக் குண்டு போன்ற வடிவத்தில் பொதி செய்து அனுப்பியபோது, பெற்றுக்கொண்ட ஒரு கம்பனியார் உண்மையான குண்டென்றே பயந்து தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு, இன்னொரு பிரதி அனுப்பச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. அவர்களுடைய இசைத்தொகுப்பு அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் பட்டியலில் முதல் இருபதுக்குள் நுழைந்தது; எந்தப் பெரிய கம்பனியையும் சாராத தொகுப்பொன்றுக்கு அது அதற்கு முன் கிட்டாத பாக்கியம். நல்ல குழு, கோபம் நியாயமான கோபம். ஆனால் அதைக் காட்டி, டெர்ரிப் பையன்கள் ஏன் தங்கள் ஊரின் துயரத்தைப் பாடவில்லை, இராணுவம் நிற்கும் தெருவில் நின்றுகொண்டு ஒரு பெண்ணைப் பற்றிப் பாடுவது பொறுப்பின்மை அல்லவா என்று லண்டனிலிருந்து சிலர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பொறுக்கவில்லை. 1972இல் நிராயுதபாணிகளான ஊர்வலக்காரர் பலரை இராணுவம் சுட்டுக் கொன்ற நகரம் டெர்ரி. அந்தப் பையன்கள் அப்போது சிறுவர்கள். துயரத்தை அவர்களுக்கு ஒருவரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துயரமான ஊரில் பிறந்தவனுக்கு யௌவனம் என்று ஒன்று உண்டென்பதையும், பதினெட்டு வயதில் அவனுக்கும் தூக்கம் கெடும் காரணம் அடுத்த வீதிப் பெண்ணாகவே இருக்கலாம் என்பதையும் அந்தப் பாட்டு நிலைநாட்டியது. பின்னாளில் எங்கள் ஊரிலும் காவலரண்கள் முளைத்து, வீதிக்கு வீதி மறித்து அடையாள அட்டை கேட்ட காலத்தில், யாழ்ப்பாணத்துப் பையன்கள் என்றால் இன்னின்னதைத்தான் எழுதவேண்டும், இன்னின்னதைத்தான் பாடவேண்டும் என்று தூரதேசத்தில் பத்திரமாக இருந்தவர்கள் விதித்ததைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அண்டர்டோன்ஸ் ஞாபகம் வந்தது.

அந்தக் குழு 1983இல் கலைந்தது. ஷார்க்கி தனியே பாடி 1985இல் முதலிடத்தையும் பார்த்தார். பிராட்லி தமது ஊரிலேயே பி.பி.சி.யின் ரேடியோ ஃபொயிலில் நிகழ்ச்சித் தயாரிப்பாளரானார்; வானொலியால் வாழ்வு பெற்றவர் வானொலிக்கே திரும்பியது எனக்கு மிகுந்த திருப்தியளித்த விஷயம். 2013இல் ஒன் டைரக்ஷன் என்ற இளைஞர் குழு, தர்மகாரியம் ஒன்றுக்காக அந்தப் பாட்டை வேறொரு பாட்டோடு பின்னிப் பாடி, 31ஆம் இடத்தில் நின்றதை முதலாம் இடத்துக்குக் கொண்டுபோனது. ஹூலியைப் பற்றி ஒரு சினிமாப் படமே வந்தது. பீல், 2004 ஒக்டோபரில் பெரு தேசத்துக் குஸ்கோ நகரில் விடுமுறையில் இருந்தபோது திடீரென மாரடைப்பால் காலமானார். சஃபொக் மாவட்டத்தில் கிரேட் ஃபின்பரோ என்ற கிராமத்துக் கோவில் வளவில் அவருடைய சமாதி இருக்கிறது. கல்லில், அவர் விருப்பப்படியே, அந்தப் பாட்டின் ஒரு வரியைப் பொறித்திருக்கிறார்கள். நம்மவரில் ஒருவர் தேவாரத்தின் வரியைக் கேட்டிருப்பார். அவர் டெர்ரிப் பையன் எழுதியதைக் கேட்டார்.

அண்ணை எண்பதுகளின் நடுவில் கனடாவுக்குப் போய் டொரொன்டோவில் குடியேறினார். ஓய்வு பெற்றபின், அங்கே நடக்கும் தமிழ் வானொலிகளில் ஒன்றில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கர்நாடக சங்கீத நிகழ்ச்சி நடத்த அவருக்கு இடம் கிடைத்தது. முதலில் வெள்ளிக்கிழமை மாலையில், எல்லோரும் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் வைத்திருந்தார்கள். சில மாதம் ஒழுங்காக நடந்தது. ஒருநாள் தட்சிணாமூர்த்தியின் தனியாவர்த்தனத்தைப் போட்டுவிட்டு, அது முடிந்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் அதையே மறுபடியும் முதலிலிருந்து போட்டாராம். நகைக்கடை விளம்பரமும் வீட்டு விற்பனை விளம்பரமும் அப்படியே நின்றுபோயின. தொலைபேசியில் நேயர்கள் திட்டினார்கள். விளம்பரதாரர் இருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நிலையத்தார் மரியாதைக்காக நிகழ்ச்சியை நிறுத்தாமல், ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்கு மாற்றிவிட்டார்கள்.

இதை எனக்குத் தொலைபேசியில் சொல்லும்போது அண்ணைக்குக் கொஞ்சமும் வருத்தம் இருக்கவில்லை.

"அந்த நேரத்திலை நிலையத்திலை ஆரும் முழிச்சிருக்கிறதில்லை தம்பி" என்றார். "போன கிழமை மூண்டு தரம் போட்டனான்."